ஓட்டிப் பார்க்கப்படும் எடுத்துக்காட்டுகள்

2015 மே மாதத்தில் ரஸ்ட் என்னும் நிரல் மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, நினைவக உரிமை (ஒரு தரவுக்கு எந்த மாறி பொறுப்பு என்பது), கடன் வாங்குதல் (அந்த உரிமையை மாற்றாமல் தரவைப் பயன்படுத்துவது) போன்ற அதன் கருத்துகள் சி++ பழகியவர்களுக்கே புதிதாகத் தோன்றின; அத்தகைய மொழி பரவியதற்கு அதன் கம்பைலரை (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை) மட்டும் காரணமாகச் சொல்வது அரைகுறை விளக்கம் என்றே கருதுகிறேன்; அதன் ஆவணங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு நூலகத்தின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) ஃபங்ஷனுக்கு மேலே ஆவணக் குறிப்பாக எழுதப்படும் எடுத்துக்காட்டு நிரலையும் ரஸ்டின் சோதனைக் கட்டளையான கார்கோ டெஸ்ட் கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பதால், நூலகம் மாறி எடுத்துக்காட்டு பொருந்தாமல் போனால் பெரும்பாலும் சோதனையிலேயே அது தெரிந்துவிடுகிறது. (ஆவணத்தைத் திருத்தச் சோம்பும் நிரலாளரும் தோற்ற சோதனையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார்.) கோ மொழியிலும் இதற்கு நிகரான வசதி உண்டு.

ஆனால் எடுத்துக்காட்டு ஓடினால் மட்டும் போதாது, அது மொழியின் இயல்பான நடையிலும் இருக்க வேண்டும். பிழை நேரக்கூடிய இடங்களில் எடுத்துக்காட்டுகள் பிழை வந்தால் நிரலையே நிறுத்திவிடும் அன்ராப் முறையைத் தவிர்த்து, கேள்விக்குறி ஆபரேட்டரால் பிழையை அழைத்த நிரல்பகுதிக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று நூலகம் எழுதுவோருக்கான ரஸ்ட் ஏபிஐ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. வாசகர்கள் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுப்பார்கள் என்பதே அதற்கு அவை தரும் காரணம். கற்பவரின் உண்மையான பழக்கத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதிகளை நான் வேறு மொழிகளில் அதிகம் கண்டதில்லை.