பதினொருவர் வேண்டும் என்ற பிடிவாதம்
புதுச்சேரியில் பழைய கணினி விளையாட்டுகளைச் சேகரித்துவரும் எனக்கு, அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுகளின் தொடக்க காலத்தின்மீது தனிப் பிரியம் உண்டு. 1977இல் மேட்டல் வெளியிட்ட கையடக்கக் கருவியில் ஆட்டக்காரர்கள் வெறும் சிவப்பு ஒளிக்கோடுகள்தாம். பந்து வைத்திருப்பவரின் கோடு மட்டும் சற்றுப் பிரகாசமாக எரியும். 1978இல் வந்த அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டு இயந்திரத்திலோ, அதில் பதித்திருக்கும் உருட்டுப்பந்தை உள்ளங்கையால் விடாமல் தேய்த்து ஆட்டக்காரரை ஓட்ட வேண்டும்.

ஆனால் ஆட்டத்தின் வியூகங்களையே உருவகப்படுத்த முனைந்தது, என் கணிப்பில், 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ஜான் மேடன் ஃபுட்பால். அன்றைய கணினி அணிக்கு ஆறேழு பேரைத்தான் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் கருதியபோது, ஓக்லாண்ட் ரெய்டர்ஸின் முன்னாள் பயிற்சியாளரான மேடன், பதினொருவர் இல்லையென்றால் அது கால்பந்தே அன்று என்று உறுதியாக மறுத்துவிட்டார். அதனால் பணி பல ஆண்டுகள் நீண்டது. வெளிவந்தபோது திரையில் 22 பேரும் நின்றார்கள்.