துண்டு விழும் 54,000 ரூபா

மாரி ஓய்ந்து மைதானத்தில் ஈரம் வற்றியதும் திருகோணமலையில் மென்பந்துக் கிரிக்கெட் காலம் தொடங்கிவிடும். முன்பெல்லாம் கழகங்கள் மோதும் ஒருநாள், இருநாள் விலகல் சுற்றுத்தான். இப்போது ஊருக்கு ஒரு பிரீமியர் லீக்: உரிமையாளர், ஏலம், பளபளக்கும் ஜேர்சி, பேஸ்புக் நேரலை. அப்படித் தொடங்கும் லீக் ஒன்று இரண்டாவது வருடத்தைக் காணாமல் நின்றுபோனால் பழி நடுவர் தலையில் விழும். அவர் கொடுக்காத வைட், அவர் கொடுத்த ரன்அவுட். ஏற்பாட்டுக்குழுவின் கொப்பியை விரித்துப் பார்த்தால், சண்டை அதற்கு ஒரு மாதம் முன்பே வரவு செலவுப் பக்கத்தில் தொடங்கியிருக்கும்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு; உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 8 அணிகள், அணிக்கு 15 பேர், 6 ஓவர் ஆட்டம். உரிமையாளர் ஒருவருக்கு 60,000 ரூபா என்றால் 4,80,000. ஏலத்துக்குப் பெயர் கொடுக்கும் 150 பேரிடம் தலைக்கு 500 வாங்கினால் 75,000. மொத்த வரவு 5,55,000.

செலவில் முதலில் வாயைப் பிளப்பது ஜேர்சி. 120 பேருக்கு 2,000 வீதம் 2,40,000, அதாவது வரவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தது பரிசு: முதலிடத்துக்கு 1,00,000, இரண்டாமிடத்துக்கு 50,000, கிண்ணங்களும் ஆட்டநாயகன் விருதுகளும் 40,000. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதினால் 28 ஆட்டம், பிளேஓவ் 4, ஆக 32. 6 ஓவர் இன்னிங்ஸ் ஒன்று 25 நிமிடம் இழுக்கும். மாறும் நேரத்தோடு ஆட்டத்துக்கு 55 நிமிடம். காலை 8 மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டு இடைவேளையோடு, அவதியில்லாமல் நாளுக்கு 6 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே 6 நாட்கள், அதாவது 3 வார இறுதிகள். இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 64, காணாமல் போவதையும் வெடிப்பதையும் சேர்த்து 70. ஒன்று 500 என்றால் 35,000. இரண்டு நடுவர், ஒரு ஸ்கோரர், நாளுக்குத் தலா 3,000 வீதம் 54,000. மைதானம், கூடாரம், ஒலிபெருக்கி, தண்ணீர், முதலுதவி எல்லாம் சேர்த்து நாளுக்கு 15,000 வீதம் 90,000. மொத்தச் செலவு 6,09,000.

துண்டு விழுவது 54,000.

இந்த 54,000 தான் முழுக் கதையும். இதை யார் போடுகிறாரோ அவர்தான் லீக்கின் சொந்தக்காரர். யாப்பில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பரிசுக் காசு குறைகிறது என்று குழு தடுமாறும்போது ஒருவர் வந்து "தம்பி, யோசிக்காதே, நான் தாறன்" என்பார். அவரே ஒரு அணியின் உரிமையாளராகவும் இருந்துவிட்டால் முடிந்தது. அதன்பின் அவருடைய அணிக்கு எதிராக எந்த முறைப்பாடு வந்தாலும், குழுவில் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள். அவர் எதையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்காமலே நடக்கும்.

துண்டை அடைக்க இருக்கும் நேர்மையான வழி ஆட்டங்களைக் குறைப்பது. நான்கு நான்காக இரண்டு பிரிவு வைத்தால் 12 ஆட்டம், அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15. மூன்றே நாளில் முடியும். நடுவர் செலவில் 27,000, மைதானச் செலவில் 45,000, பந்தில் 18,000 மிச்சம். 90,000 இறங்கி, துண்டு விழுந்த கணக்கு 36,000 மிகையாக மாறும். ஆனால் உரிமையாளர்கள் விடமாட்டார்கள். "60,000 கட்டிப்போட்டு மூன்று மட்ச்சோட வீட்ட போறதோ?" என்ற கேள்வியில் நியாயமும் உண்டு. இந்தப் பேரத்தை விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்: ஏழு ஆட்டம் வேண்டுமென்றால் உரிமையாளர் கட்டணம் கூடும், இல்லையேல் ஜேர்சி மலிவாகும். இரண்டையும் மறுத்துவிட்டு "ஸ்பொன்சர் பிடிக்கலாம்" என்று நம்பி இறங்குவதுதான் வழக்கமான தவறு.

அனுசரணை என்றதும் பந்தைப் பற்றி ஒரு சொல். பெயின்ற்போல் என்று, வண்ண உருண்டைகளைத் துப்பாக்கியால் சுட்டு ஆடும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 2000களில் அங்கே தேசிய அளவில் இரண்டு லீக்குகள் போட்டிபோட்டன. அணிகளுக்கு நுழைவுக் கட்டணத்தைவிடக் கனமாக விழும் செலவு வண்ண உருண்டை. 2,000 உருண்டை கொண்ட பெட்டிகள் ஒரே நாளில் பல காலியாகும். போட்டி நடக்கும் இடத்தில் விற்பதை மட்டுமே வாங்க வேண்டும் என்று விதி வைத்தால், அந்த விற்பனைதான் ஏற்பாட்டாளரின் உண்மையான வருமானம். எங்கள் ஊரில் அதன் சிறு பதிப்பு: கடைக்காரர் அனுசரணையாக 70 பந்தை இலவசமாகத் தருவார், அந்தப் பந்து கனமா, துள்ளுமா என்று எவரும் பார்க்கமாட்டார்கள். முதல் நாள் நான்கு பந்து வெடித்ததும் வேறு பந்து வரும். தோற்ற அணிகள் "எங்களுக்கு மட்டும் அந்தப் பந்து" என்று பிடித்துக்கொள்ளும். எந்தப் பந்து, எந்த நிறம், வெடித்தால் எத்தனை ஓவர் பழசான பந்தால் மாற்றுவது என்பதை விதிப் பத்திரத்தில் எழுதி, மாதிரிப் பந்து ஒன்றை அணித்தலைவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

இனி ஏலம். உண்மைக் காசில் ஏலம் விடுகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: வேண்டாம். புள்ளியில் விடுங்கள். அணிக்கு 10,000 புள்ளி, அடிப்படை விலை 200. அதற்கு ஒரு கூட்டல் கழித்தல் தேவை. ஒரு வீரருக்கு அணி கேட்கக்கூடிய உச்ச விலை, கையிலுள்ள புள்ளியிலிருந்து, இன்னும் நிரப்பவேண்டிய மற்ற இடங்களுக்கான அடிப்படை விலையைக் கழித்தால் வருவது. முதல் வீரருக்கு 14 இடம் பாக்கி, 14 பெருக்கல் 200 என்றால் 2,800. ஆக உச்சம் 7,200. இதைச் சுவரில் எறியும் திரையில் ஒவ்வொரு அணிக்கும் காட்டிக்கொண்டே போகாவிட்டால், இரவு 11 மணிக்கு ஒரு அணியிடம் 9 பேரும் 300 புள்ளியும் மிஞ்சும். அப்புறம் "சும்மா ஆறு பேரைத் தாங்கோ" என்று கெஞ்சல் தொடங்கும். இரக்கப்பட்டுக் கொடுத்தால், ஒழுங்காகச் செலவழித்த அணி ஏமாளி.

அதைவிடப் பெரிய தலையிடி ஏ, பி, சி என்று தரம் பிரிப்பது. யார் பிரித்தார்கள், எதைப் பார்த்துப் பிரித்தார்கள் என்பதை மறைத்தால் வீரர்கள் பொங்குவார்கள். 2021இல் தேசிய அணி வீரர்கள் கிரிக்கெட் சபையின் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததற்கும், தரப்படுத்தலில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பதே முக்கிய காரணம். கோடிக்கணக்கில் புழங்கும் இடத்திலேயே அது என்றால், சாம்பல்தீவிலும் பாலையூற்றிலும் பெடியள் பேசாமல் இருப்பார்களா? சென்ற வருட ஸ்கோர் தாளை எடுத்து ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் புள்ளி போட்டுத் தரம் பிரியுங்கள். புது ஆளென்றால் இரண்டு கழகத் தலைவர்கள் சேர்ந்து தரம் சொல்லட்டும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு பட்டியலை ஒட்டி, திருத்தம் கேட்க மூன்று நாள் கொடுங்கள்.

வீரர்களின் பலம் எங்கே தெரியும் என்றால், ஆட்டநாள் காலை 7 மணிக்கு. "அண்ணே, வயிற்றுக்குத்து" என்று போன் வரும். அதேநேரம் மூதூரிலோ கிண்ணியாவிலோ இன்னொரு சுற்றுப்போட்டியில் அதே தம்பி காசுக்கு ஆடிக்கொண்டிருப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாள் ஆட்டத்துக்கு அங்கே கையில் காசு. இங்கே இலவச ஜேர்சியும் பெயரும் மட்டும். நல்ல வேகப்பந்து வீச்சாளர்கள் ஊருக்குச் சிலர்தான், அவர்களை நாலு லீக் தேடும்போது விலை கேட்கத்தான் செய்வார்கள். ஏலத்துக்கு முன்பே ஓர் உரிமையாளரிடம் போய் "என்னை நீங்கள்தான் எடுக்க வேணும், வேற ரீம் எடுத்தால் வரமாட்டன்" என்று சொல்லிவைப்பதும் இதே பலம்தான். விஷயம் கசிந்தால் மற்ற உரிமையாளர்கள் அவருக்கு விலையே கேட்கமாட்டார்கள், ஏ தர வீரர் 200 புள்ளிக்குப் போவார். சமநிலை அங்கேயே உடையும்.

இதற்கு மருந்து பல துண்டாக இருக்கிறது. பதிவுத் தாளிலேயே எந்த அணி எடுத்தாலும் ஆடுவேன் என்று கையெழுத்து; மீறினால் இந்தப் பருவமும் அடுத்த பருவமும் தடை. ஒருவர் வராவிட்டால் மாற்று ஆள் ஏலத்தில் விலைபோகாத முப்பது பேரிலிருந்து மட்டும், அதே தரத்திலோ அதற்குக் கீழோ. வெளியிலிருந்து ஆள் இறக்க ஒருமுறை இடம் கொடுத்தால், அரையிறுதியில் யாருமே பார்த்திராத நாலு பேர் பந்து வீசுவார்கள். அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவில் எழுதி, நாணயச் சுழற்சிக்கு முன் 11 பேரையும் சரிபார்க்க வேண்டும். தண்டனை மட்டும் போதாது. ஏற்பாட்டுக்குழுவில் வீரர்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு வாக்குரிமை கொடுங்கள். மற்ற லீக்காரரோடு பேசித் திகதியை மாற்றிக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும். கிண்ணியா நானாமாரிடம் ஒரு போன் எடுத்தால் தீரும் வேலைக்குத் தடைக் கடிதம் அடித்துக்கொண்டிருப்பது வீண்.

திகதி என்று வந்தால் தவிர்க்கவேண்டியவை: பத்திரகாளி அம்மன் திருவிழா, பங்குனியில் கோணேசர் திருவிழா, நோன்பு மாதம், சாதாரண தரப் பரீட்சை. வெள்ளியில் ஆட்டம் வைத்தால் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் வீரர்கள் உள்ள அணியைப் போடக்கூடாது. ஆனி ஆடியில் மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்றுப் பிடித்தால் மென்பந்து காற்றோடு போகும். ஒரு பக்கச் சிக்ஸர் இலகு, மறுபக்கம் பிடி. ஒரே அணிக்குத் தொடர்ந்து பின்னேர ஆட்டம் விழாமல் அட்டவணை போடுவதும் நியாயத்தில் சேர்த்தி. மெக்கெய்சர், ஏகாம்பரம் மைதானங்களுக்கு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேறு.

அரசியல்வாதிகள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டத் தேவையில்லை. பிரதம விருந்தினராக வரட்டும், கிண்ணம் கொடுக்கட்டும். ஆனால் மேடையில் "ஒரு லட்சம் தருகிறேன்" என்று அறிவிக்கப்பட்ட காசை, கைக்கு வரும்வரை வரவில் எழுதக்கூடாது. தேர்தல் அறிவித்துவிட்டால் வேட்பாளர் பெயருள்ள பதாகையை இறக்குங்கள். சாராயம், சிகரெட் பெயர்களில் அனுசரணை வாங்க 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. குழுவுக்குள் வெளிக்கை புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம்: 2023 ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, அதே வருடம் நவம்பரில் ஐசிசி இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இரண்டிலும் சொல்லப்பட்ட காரணம் தலையீடு.

காசைக் கையாள்வதில் மூன்று விதி. வங்கியில் கூட்டுக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து. அந்த மூவரில் எந்த உரிமையாளரும் இருக்கக்கூடாது. உரிமையாளர் பாதிக் கட்டணத்தை ஏலத்துக்கு முன்பும் மீதியை முதல் பந்துக்கு முன்பும் கட்டவேண்டும். பின்திகதியிட்ட காசோலை ஏற்கப்படாது, கட்டாத அணிக்கு அட்டவணையில் இடமில்லை. பரிசுத் தொகை முழுவதும் முதல் ஆட்டத்துக்கு முன்பே கணக்கில் இருக்கவேண்டும். குறைந்தால் அன்றே பரிசைக் குறைத்து அறிவியுங்கள், ஒரு லட்சத்தை எழுபத்தைந்தாக்குவதில் வெட்கமில்லை.

முறைப்பாட்டுக்கு 2,000 ரூபா கட்டணம், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள், எழுத்தில். வென்றால் காசு திரும்பும். விசாரிக்கும் மூவரில் சம்பந்தப்பட்ட அணியின் ஊர்க்காரர் இருக்கக்கூடாது. நடுவரின் களத் தீர்ப்பு முறைப்பாட்டுக்கு உட்படாது. ஆள்மாறாட்டம், ஓவர் கணக்கு, ஓட்ட விகிதம் மட்டும் உட்படும். ஓட்ட விகிதத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: 4 ஓவரில் எல்லா விக்கெட்டையும் இழந்த அணிக்கு 4ஆல் வகுப்பது. 6ஆல் வகுக்கவேண்டும். இந்த ஒரு வகுத்தலில் தவறான அணி அரையிறுதிக்குப் போய்விடும். மறுநாள் காலை யாரோ ஒருவர் போனில் கணக்குப் போட்டுக் காட்டும்போது, குழுவிடம் பதில் இருக்காது.

இறுதிப்போட்டி முடிந்து ஏழு நாளுக்குள் வரவு செலவைப் பற்றுச்சீட்டுகளின் படங்களோடு எல்லா அணிகளின் வட்சப் குழுவிலும் போடுங்கள். மிச்சமான பந்துகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். பந்து எங்கே போனது என்ற கேள்வி எப்படியும் வரும்.