ரிமோட் ஜாக்ராபிட் இணைப்பு: ஃபயர்வாலைத் திட்டும் முன் ஜாரைத் திறந்து பாருங்கள்

ஜாவா ஆப்பிலிருந்து வேறொரு சர்வரில் ஓடும் அப்பாச்சி ஜாக்ராபிட்டோடு (ஃபைல்களையும் உள்ளடக்கத்தையும் சேமித்துவைக்கும் ரிபாசிட்டரி) பேச இரண்டே வரி கோட் போதும்: ஜேசிஆர்யூட்டில்ஸ் என்ற ஜாக்ராபிட் கிளாஸுக்கு ஒரு யூஆர்எல் கொடுத்து ரிபாசிட்டரியை வாங்க வேண்டும், பிறகு லாகின். ஐடிஈயில் ஓட்டினால் ஒழுங்காக ஓடும். அதையே ஃபேட் ஜாராக (எல்லா லைப்ரரியும் ஒரே ஜாருக்குள்) கட்டி டெஸ்ட் சர்வரில் போட்டதும் ஆரம்பிக்கும் வினை.

வரும் எக்செப்ஷனின் கடைசி வரி, ‘அந்த ரிபாசிட்டரி இப்போதைக்குக் கிடைக்காமல் இருக்கலாம்’ என்கிறது. இதை நம்பினால் கெட்டோம். நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட், போர்ட் திறந்திருக்கிறதா என்று வாக்குவாதம், எல்லாம் தண்டம். எங்கள் கேஸில் ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. அந்த மெசேஜில் படிக்க வேண்டியது நடுப்பகுதி. ரிபாசிட்டரியை உருவாக்கித் தரும் எந்தெந்த ஃபேக்டரி கிளாஸைக் கேட்டுப் பார்த்தது, ஒவ்வொன்றும் என்ன சொன்னது என்று அங்கே பட்டியல் இருக்கும். ‘டிக்ளைன்ட்’ என்றால் இந்த யூஆர்எல் என் வேலை இல்லை என்று கைவிரித்துவிட்டது. ‘ஃபெயில்ட்’ என்றால் முயன்று தோற்றது, காரணம் கீழேயே இருக்கும். அப்போதுதான் நெட்வொர்க் பக்கம் போக வேண்டும். எங்களுக்கு வந்த பட்டியலில் ஜேஎன்டிஐ (பெயர் வைத்துத் தேடும் ஜாவா வசதி) ஃபேக்டரி மட்டும், ‘டிக்ளைன்ட்’ என்று. எச்டிடிபி முகவரியை எடுத்துக்கொள்ள வேண்டிய ஜேசிஆர்2டாவ் ஃபேக்டரியைக் காணவே காணோம்.

டிபென்டென்சியில் ஜாக்ராபிட்-ஜேசிஆர்2டாவ் இருந்தும் ஏன் இல்லை? இந்த ஃபேக்டரிகளை ஜாவாவின் சர்வீஸ்லோடர் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு ஜாரிலும் மெட்டா-இன்ஃப் அடியில் சர்வீசஸ் ஃபோல்டரில் உள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வைத்து. எல்லா ஜாரிலும் அந்த ஃபைலுக்கு ஒரே பெயர். ஃபேட் ஜாரைக் கட்டும் மேவன் ஷேட் பிளகினைச் சும்மா விட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். மேவனின் பாம் (pom.xml) ஃபைலில் சர்வீசஸ்ரிசோர்ஸ்டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கோர்த்துத் தரும். பில்ட் முடிந்ததும் ஜாரை அன்ஜிப் செய்து அந்த ஃபைலில் ஜேசிஆர்2டாவ் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

முகவரியிலும் ஒரு பொறி. ஜாக்ராபிட் வெப்ஆப்பில் ‘ரிபாசிட்டரி’ என்று முடியும் பாதை ஃபைல் எக்ஸ்புளோரரில் மவுண்ட் செய்வதற்கான சாதா வெப்டாவ் (எச்டிடிபி வழியாக ஃபைல்களைக் கையாளும் முறை). கோடுக்கு வேண்டியது ‘சர்வர்’ என்று முடியும் பாதை. பெயரைப் பார்த்து முதலாவதைத்தான் யாரும் போடுவார்கள்.

அடுத்தது சர்வருக்கு முன்னால் நிற்கும் பிராக்சி. ‘பிரவுசரில் திறக்குதே சார்’ என்ற பதில் கட்டாயம் வரும். பிரவுசர் அனுப்புவது கெட் (GET) ரிக்வெஸ்ட். ஜாக்ராபிட் கிளையன்ட் அனுப்புவதில் பிராப்ஃபைண்ட் (PROPFIND), ரிப்போர்ட் (REPORT) போன்ற வெப்டாவ் ரிக்வெஸ்ட் வகைகளெல்லாம் உண்டு. கெட்டும் போஸ்ட்டும் மட்டும் அனுமதிக்கும் பிராக்சி 403 அல்லது 405 தந்து கதவைச் சாத்தும். ஆப் ஓடும் மெஷினிலிருந்தே கர்ல் வைத்து, டெப்த் ஹெடரை 0 ஆக்கி, ஒரு பிராப்ஃபைண்ட் அனுப்புங்கள். 207 (வெப்டாவின் வெற்றிப் பதில்) வந்தால் வழி சுத்தம். அந்த அவுட்புட்டை டிக்கெட்டில் ஒட்டிய பிறகுதான் எங்களுக்கு வேலை நடந்தது.

207 வந்ததோடு விட்டுவிடாமல், பதிலாக வந்த எக்ஸ்எம்எல்லில் எச்ரெஃப் எந்த ஹோஸ்டைக் காட்டுகிறது என்றும் பாருங்கள். வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே 8080-இல் வெறும் எச்டிடிபி என்றால் உள்முகவரி வெளியே வந்துவிடும். பிராக்சி அசல் ஹோஸ்ட் ஹெடரை அப்படியே கடத்த வேண்டும்; ஸ்கீமும் பின்னால் இருக்கும் சர்வருக்குத் தெரிய வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு ஆர்எம்ஐ (ஜாவாவின் சொந்த ரிமோட் அழைப்பு முறை) தேவலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் வழக்கமான போர்ட்டான 1099-ஐ மட்டும் திறந்தால் போதாது, ஆப்ஜெக்ட்டுகள் வேறு போர்ட்டில் உட்காரும். அதைவிட முக்கியம், சிவிஇ-2023-37895 என்று பதிவான பாதுகாப்புக் குறை: ஆர்எம்ஐ வழியாக சர்வரில் வெளியாள் கோட் ஓட்டக்கூடிய ஓட்டை. ஜாக்ராபிட்டின் 2.20.10 வரையிலான ஸ்டேபிள் வெர்ஷன்களில் இருக்கிறது, 2.20.11-இல் அடைத்தார்கள். பழைய சர்வர் என்றால் அப்கிரேட் செய்து ஆர்எம்ஐயையும் மூடிவிடுங்கள்.

லாகின் ஆனபின் பெரிய சிக்கல் இல்லை. செஷன் திரெட்-சேஃப் கிடையாது (ஒரே நேரத்தில் பல திரெட்டுகள் பயன்படுத்தக் கூடாது), ஸ்டாட்டிக்கில் வைத்துப் பகிராதீர்கள். ரிக்வெஸ்டுக்கு ஒன்று எடுத்து ஃபைனலியில் லாகவுட் செய்யுங்கள். ரிபாசிட்டரி ஆப்ஜெக்ட்டை மட்டும் ஆப் முழுவதற்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.