முற்றிய நெல்லை அறுக்க ஆள் வராத இரண்டு நாள்

யாங்கோனில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஒரு கிட்டங்கியில் நான் கணக்கெழுதுகிறேன். மூட்டை தூக்க வருபவர்களில் யார் எந்த அடுக்குக்கு, யார் எந்த லாரிக்கு என்று காலையில் பிரித்து அனுப்புவதும் என் பொறுப்புதான். சென்ற மழைக்காலத்தில் என் அக்காள் மகன் ரிம்வேர்ல்ட் என்ற விளையாட்டை என் மடிக்கணினியில் ஏற்றித் தந்து, "மாமா, இது நீங்க தினமும் பாக்குற வேலைதான்; மூணு பேருக்கு வேலை பிரிச்சுக் கொடுத்துப் பிழைக்க வைக்கணும்" என்றபோது, இரண்டு மாலைப்பொழுதில் பழகிவிடும் என்றே நினைத்தேன். ஒரு மாதம் பிடித்தது.

லுடியான் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த விளையாட்டின் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது. வழக்கமான தொடக்கத்தில், விண்கலம் உடைந்து மூன்று பேர் ஓர் அந்நியக் கோளில் வந்து விழுகிறார்கள். 50 பொட்டலச் சாப்பாடும் கொஞ்சம் எஃகும் மரமும் மருந்தும் அவர்களோடு விழுகின்றன. மூவரின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்ததால் பெரியவர், தங்கச்சி, தம்பி என்று நானே மனத்தில் முறை வைத்துக்கொண்டேன். போருக்கு ஆயத்தப்படுத்தும் நேரம் தவிர, இவர்களை நாம் கையைப் பிடித்து நடத்த முடியாது. இன்னின்ன வேலை இவருக்கு என்று ஓர் அட்டவணையில் குறித்துவைத்தால், அதைப் பார்த்து அவர்களே போய்ச் செய்வார்கள்.

தொடக்கத்தில் அந்த அட்டவணையில் வெறும் டிக் குறிகளே இருந்தன. தம்பி மரம் வெட்டாமல் நின்றால், விளையாட்டை நிறுத்தி, அவனைத் தேர்ந்து, மரத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, "இதை முதலில் செய்" என்று ஏவினேன். அந்த ஒரு மரம் முடிந்ததும் அவன் மறுபடியும் அட்டவணையின் போக்குக்கே திரும்பிவிட்டான். சாதாரண வேகத்தில் விளையாட்டின் ஒரு நாள் 16 நிமிடம் 40 நொடியில் முடிகிறது. நான் ஏவி ஏவி ஓட்டியதில் ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் தெருவில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும் என்பதால், பேட்டரி தீர்வதற்குள் இரண்டு நாளைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது.

அட்டவணையின் மேல் ஓரத்தில் டிக் குறிகளை எண்களாக மாற்றும் ஒரு சிறு கட்டம் இருப்பதை மருமகன்தான் காட்டினான். 1 என்பது முதல் முன்னுரிமை, 4 என்பது கடைசி. வேலை தேடும் ஒருவர் முதலில் தமக்கு 1 என்று குறித்த வேலைகள் அனைத்தையும் இடமிருந்து வலமாகப் பார்க்கிறார். அவற்றில் செய்ய ஒன்றுமே இல்லாதபோதுதான் 2-க்கு இறங்குகிறார். தீயணைப்பும் மருத்துவமும் இடக்கோடியில் இருக்க, சமையல், கட்டுமானம், பயிர், சுரங்கம் என்று வரிசை நீண்டு, சுமை எடுத்து வைத்தலும் துப்புரவும் வலக்கோடிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், இடப்பக்கம் ஏதேனும் ஒரு வேலை மிச்சம் இருக்கும்வரை வலப்பக்கத்து வேலையை யாரும் தொடமாட்டார்கள். என் முதல் அறுவடை இப்படித்தான் வயலிலேயே குவிந்து கிடந்து, மழையில் நனைந்து வீணாயிற்று. கிட்டங்கி வாசலில் ஒரு மூட்டை நனைந்தாலும் பதறுகிற நான், திரையில் அத்தனை அரிசியையும் நனையவிட்டேன் என்பது எனக்கு உண்மையாகவே வலித்தது. அன்றே தம்பிக்குச் சுமை வேலையை 1 ஆக்கினேன். பெரியவருக்கும் கொடுக்கலாம் என்று பார்த்தால், அந்தக் கட்டமே அவருக்கு இல்லை. அவருடைய பூர்வகதைப்படி அவர் உடலுழைப்பு வேலை செய்யாதவர். ஆளை ஏற்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

சமையலில் வேறு விதமாக இடறினேன். தங்கச்சிக்குச் சமையல் 1. அடுப்பும் கட்டியாயிற்று, அரிசியும் இருந்தது. அவளோ செங்கல் சுவர் எழுப்பப் போய்விட்டாள். அடுப்புக்கென்று தனியாக ஓர் உத்தரவு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் அதற்குப் பெயர் 'பில்'. தெரிந்தபின் "ஓயாமல் செய்" என்று எழுதிவிட்டேன். அவளும் அரிசி முழுவதையும் சமைத்து அடுக்கிவிட்டாள். குளிர் அறை இல்லாமல் அரிசி 40 நாள் தாங்கும், சமைத்த எளிய சாப்பாடு 4 நாளில் கெட்டுவிடும். "பத்து இருப்பில் சேரும்வரை செய்" என்று மாற்றிய பிறகுதான் அடுப்பு ஒழுங்குக்கு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த வேளையில் வந்ததுதான் அந்த இரண்டு நாள். மதிலுக்கு வெளியே நெல் முற்றி நின்றது. பயிர் வேலை தங்கச்சிக்கும் தம்பிக்கும் 1; இருவரும் நலமாக இருந்தார்கள், பகல் வெளிச்சமும் இருந்தது. ஆனாலும் இருவரும் முற்றத்தில் சும்மா உலாவிக்கொண்டிருந்தார்கள். எண்களை மாற்றினேன், வயலை அழித்து மீண்டும் வரைந்தேன், விளையாட்டை மூடித் திறந்தும் பார்த்தேன். இருப்பில் இருந்த கடைசிச் சாப்பாடும் தீர்ந்து, தம்பியின் பெயருக்குக் கீழே பசிக் குறி வந்துவிட்டது. மனம் பொறுக்காமல், பழைய வழக்கப்படி ஒரு நெற்பயிரின்மேல் வலது பொத்தானை அழுத்தினேன். கட்டளை சாம்பல் நிறத்தில் மங்கி நிற்க, அதன் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தது: அனுமதித்த பகுதிக்கு வெளியே இருக்கிறது. நான்கு நாள் முன்பு கொள்ளையர் வந்தபோது, மூவரும் மதிலுக்குள்ளேயே இருக்கட்டும் என்று எல்லை குறித்தவன் நான்தான். ஆபத்து நீங்கியதும் அதை எடுக்க மறந்தவனும் நான்தான். எல்லையை நீக்கிய மறுகணம், நான் ஒரு சொல்லும் சொல்லாமலே, இருவரும் வாசலைத் திறந்துகொண்டு வயலை நோக்கி ஓடினார்கள்.

அதற்குப் பிறகு யார் சும்மா நின்றாலும் நான் எண்களில் கை வைப்பதில்லை. நடக்காத வேலையின்மேல் வலது பொத்தானை அழுத்தி, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்கிறேன். பொருள் போதவில்லை, வேறொருவர் எடுத்து வைத்திருக்கிறார், இவருக்கு அந்த வேலை ஒதுக்கப்படவில்லை என்று பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நேர அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளைச்சலைக் கூட்டும் ஆசையில், விழித்திருக்கும் நேரம் முழுவதையும் மூவருக்கும் வேலை நேரமாகக் குறித்துவிட்டேன். சில நாளில் தங்கச்சி மனமுடைந்து, சேர்த்து வைத்திருந்த சாப்பாட்டையெல்லாம் எடுத்து எடுத்து உண்ணத் தொடங்கினாள். நான் என்ன செய்தும் நிறுத்தவில்லை. இப்போது மாலையில் 3 மணி நேரம் பொழுதுபோக்குக்கு விட்டிருக்கிறேன். அதோடு, ஒரு வேலையில் ஒருவருக்கு ஈடுபாடு உண்டு என்பதைக் காட்டும் தீச்சுடர் குறியையும் பார்த்தே வேலை கொடுக்கிறேன். சுடர் இல்லாதவர் 35 விழுக்காடு வேகத்தில்தான் கற்கிறார். ஒரு சுடர் உள்ளவர் முழு வேகத்திலும், இரண்டு சுடர் உள்ளவர் 150 விழுக்காட்டிலும் கற்கிறார்கள்.

குடியிருப்பில் இன்று ஏழு பேர் இருக்கிறார்கள். நேற்றிரவு மின்சாரம் போவதற்குச் சற்று முன் இரண்டாம் ஆண்டின் அறுவடை முடிந்தது. தம்பி கடைசிச் சுமையை அறைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்வரை பார்த்திருந்து, சேமித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன்.