தேதி போடாத லீவ் லெட்டர்

துணை ஆட்சியராகச் சேர்ந்து, ஐ.ஏ.எஸ். ஆகி, கோட்டையில் செயலாளராக ஓய்வுபெற்ற நம் செட் நண்பன் காலமாகிவிட்டான். நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’ வந்துகொண்டிருந்தபோது ஒருத்தர் கேட்டார்: “தமிழய்யா கிழிச்சுப் போட்ட லெட்டர் ஞாபகம் இருக்கா?” இருக்காதா! பிரேயரில் மொத்தப் பள்ளிக்கூடமும் நிற்க, “தேதியில்லாத கடுதாசி தலையில்லாத முண்டம்டா” என்று அவன் லீவ் லெட்டரை நாலாகக் கிழித்தார். நாம் சிரித்தோம். அவன் மட்டும் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டான்.

வருவாய்த்துறையில் அந்தப் பாடம்தான் சோறு போடும். தபால் வந்ததும் ந.க. எண் (நடப்புக் கணக்கு எண்), எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் பதிவு, எடுத்த நடவடிக்கை, நினைவூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. கோப்பு முடிந்தால் அதைக் காக்க வேண்டியது மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று வகை பிரித்துப் பதிவறைக்கு அனுப்ப வேண்டும். நிலத் தகராறுக் கோப்பை அலட்சியமாக மூன்றாண்டு வகையில் போட்டுவிட்டால், வழக்கு வரும் நாளில் கையில் காகிதம் இருக்காது.

துணை ஆட்சியர் கோட்டாட்சியராக உட்காரும்போது அவரிடம் வரும் பட்டா மேல்முறையீடு இன்னும் சிக்கல். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி வட்டாட்சியர் உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் எந்தத் தேதியில் கையில் சேர்ந்தது, யார் என்ன ஆவணம் காட்டினார், ஏன் இந்த முடிவு என்பதெல்லாம் உத்தரவிலேயே இருக்க வேண்டும். ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரியில் முடித்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிவிடும். அவன் உத்தரவுகள் அப்படித் திரும்பியது அபூர்வம் என்பார்கள்.

குரூப் 1-இல் வந்தவர் ஐ.ஏ.எஸ். ஆக, துணை ஆட்சியர் நிலையில் குறைந்தது 8 ஆண்டு வேண்டும். நடைமுறையில் அதைவிட வெகுகாலம் ஆகும். பணிமூப்பைச் சொல்லும் முதுநிலைப் பட்டியல் மீது யாராவது வழக்குப் போட்டிருப்பார். பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒரு 17(பி) துறைக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தாலோ கேட்கவே வேண்டாம். கோட்டைக்குப் போனால் உலகமே வேறு. உதவிப் பிரிவு அலுவலர் எழுதும் குறிப்பு பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறி வரும். செலவு உள்ள கருத்துருவை நிதித்துறைக்குக் காட்டாமல் மேலே கொண்டுபோனால் அது கீழேதான் வரும். இதெல்லாம் தெரிந்தவனுக்குப் புகழ் கிடைக்காது, ‘கறார் பேர்வழி’ என்ற பெயர்தான் கிடைக்கும்.

கிடைத்த முதல் விசாவில் கிளம்பிய நம்மில் பலர், ஊரில் கிடக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்ற அவனுக்குத்தான் போன் போட்டோம். “இ-சேவையில மனு போடு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வை” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பதவி வந்ததும் மாறிவிட்டான் என்று நாமே பேசிக்கொண்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டது நமக்குத் தெரியவே பல வருஷம் ஆனதற்கு அவன் என்ன செய்வான்?