கஷாயச் சட்டியை அடுப்பில் வைக்கும் முன்: ரங்கூன் நாட்குறிப்பு

ஜூன் 9, 2019, ஞாயிறு

அக்காவும் என் மருமகளும் ஒரே மாதத்தில் சீன மூலிகை மருந்து தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம்; மருமகளுக்கு மாதவிலக்கு நாட்களில் எழுந்து நிற்க விடாத வயிற்று வலி. இருவரும் என்னிடம் கேட்டது, ரங்கூனின் சீனர் பகுதியான தயோக்தானில் எந்தக் கடைக்குப் போகலாம் என்பது மட்டும்தான். வாழ்நாளின் பெரும்பகுதியை மருந்துக்கடையில் கழித்தவள் என்பதால், கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை பல உண்டு என்று எனக்குத் தெரியும். நம்மவர்களில் இன்னும் பலர் இந்தச் சிகிச்சையை நாடுவதால், எங்கள் வீட்டு ஏற்பாடுகளை நாள்தோறும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது இங்கே எழுதி வருகிறேன்.

சீன மருத்துவத்தின் மேல் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. மலேரியாவால் எத்தனையோ குடும்பங்களை இழந்த இந்த நாட்டில், இன்று அந்தக் காய்ச்சலுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கப்படும் ஆர்ட்டெமிசினின் வகை மாத்திரைகள் ச்சிங் ஹாவ் என்ற சீன மூலிகையிலிருந்து பிறந்தவை. கொதிக்க வைத்தால் அதன் சத்து கெடுகிறது என்பதைப் பழைய நூல் ஒன்றின் குறிப்பிலிருந்து ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாரத்தைப் பிரித்தெடுத்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். உயிரைக் காக்கும் ஆற்றல் ஒரு செடிக்கு உண்டென்று ஒப்புக்கொள்கிற நாம், கெடுக்கும் ஆற்றலும் அதற்கு இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்று அக்கா இன்று காலை சொன்னபோது இதைத்தான் சொன்னேன்.

இன்று முடித்த வேலை ஒன்றுதான். இருவரும் இப்போது உட்கொள்ளும் மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, வலித் தைலம் எல்லாவற்றையும் பர்மிய மொழியில் ஒரு தாளில் எழுதினோம். மருமகளின் தாள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அக்காவின் தாளில் முதல் வரியே வார்ஃபரின். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்தப்பட்டவர் அவர். அந்த வால்வில் இரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் வேண்டும். வார்ஃபரினோடு சாதாரண வலி மாத்திரைகளைச் சேர்த்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டதால்தான் அவர் மூலிகையின் பக்கம் திரும்பினார். அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயம் இருப்பதும் அதே இடத்தில்தான்.

ஜூன் 12, புதன்

மருந்துப் பொட்டலத்தில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று எழுதி வாங்காமல் எதையும் தொடங்கக் கூடாது என்று நான் சொன்னது மருமகளுக்கு அதிகப்படியான கண்டிப்பாகப் பட்டது. அதனால் பெல்ஜியத்தில் நடந்ததை அவளுக்கு விளக்கினேன்.

1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மருந்து உட்கொண்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்களுக்குக் கொடுத்த மருந்தில் ஹான் ஃபாங் ஜி என்ற சரக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு செடியின் வேர் சேர்ந்துவிட்டிருந்தது. பெயரும் ஏறக்குறைய ஒன்று, காய்ந்த வேர்த்துண்டும் பார்வைக்கு ஒன்று. இரண்டாவதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போக வேண்டியதாயிற்று. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதே நச்சு உள்ள குவான் மு டோங் என்ற சரக்கைச் சீன அரசே 2003-இல் தடை செய்தது. நம் நாட்டு வைத்தியத்தில் உள்ள ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே செடிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இதைச் சீனர் குறை என்று நாம் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

சிறுநீரகம் கெட்ட பிறகு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதே. பழுப்புக் காகிதப் பொட்டலத்தைக் காட்டினால் அவருக்கு எதுவும் விளங்காது. சீன எழுத்தில் எழுதிய பெயர்ப்பட்டியல் இருந்தால் அதைப் படித்துச் சொல்ல, சீனர்கள் மிகுந்த லாத்தா பகுதியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்வது இன்னும் நல்லது, ஏனெனில் ஒரே சீனப் பெயரில் இரண்டு மூன்று செடிகள் விற்பனையாவது வழக்கம்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று அக்காவை அழைத்துக்கொண்டு மஹாபந்தூலா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் மூத்த சீன மருத்துவரிடம் போனோம். எல்லோரும் அவரைச் சயாஜி என்றே அழைக்கிறார்கள்; பர்மிய மொழியில் பெரிய ஆசான் என்று பொருள். கடைக்காரர் வேறு, மருத்துவர் வேறு என்பதை நம்மவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கல்லாவில் நிற்பவர் "கால் வலியா, இதைச் சாப்பிடுங்கள்" என்று டப்பாவை நீட்டுவது சிகிச்சை ஆகாது. முறையாகப் பயின்றவர் நோயாளியோடு கணிசமான நேரம் செலவிடுவார்.

சயாஜி நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தையும் மேற்படிவையும் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். தூக்கம், வியர்வை, தாகம், மலச்சிக்கல், குளிர் தாங்குமா, மழைநாளில் வலி கூடுமா என்றெல்லாம் கேட்டார். சூடு, குளிர்ச்சி, வாயு என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கேள்விகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. நாக்கைப் பார்க்கப் போகிற அன்று நாக்கை வழிக்காமலும், காப்பி, வெற்றிலை, மஞ்சள் சேர்ந்த உணவு ஆகியவற்றைத் தவிர்த்தும் போவது நல்லது. நாக்கின் நிறம் மாறினால் அவர் கணிப்பும் மாறிவிடும்.

எங்கள் தாளைப் படித்துக்கொண்டு வந்தவர் வார்ஃபரின் என்ற இடத்தில் நிறுத்தி, அக்காவுக்கு உள்மருந்து எதுவும் தர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மூட்டு வலிக்கும் இரத்த ஓட்டத்துக்கும் சீனர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் டான்ஷென் வேரும் டாங்குய் வேரும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, இரத்தம் உறையாமலே போகும்படி செய்யக்கூடியவை. ஜின்செங் அதற்கு மாறாக வார்ஃபரினின் பலனைக் குறைக்கலாம். அக்காவைப் போன்றவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவுக் கணக்கு 2.5 முதல் 3.5 வரை நிற்க வேண்டும். மேலே போனால் மூளையில் இரத்தக் கசிவு, கீழே போனால் வால்வில் இரத்தக்கட்டி. அந்தக் குறுகிய வரப்பின் மேல் நடப்பவருக்குக் கஷாயம் கொடுக்க அவர் துணியவில்லை. மருந்து விற்று வாழ்கிறவர் மருந்து தர மறுத்ததால்தான் அவர்மேல் எனக்கு மதிப்பு பெருகியது.

இன்னொன்றும் சொன்னார். அக்கா இரவில் முழங்காலில் பூசிவந்த பச்சைத் தைலத்தையும் நிறுத்தச் சொன்னார். மெத்தில் சாலிசிலேட் அதிகமுள்ள வலித் தைலங்கள் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து வார்ஃபரினோடு மோதும். தைலத்தையும் தாளில் எழுதியிருந்ததால்தான் அவர் கண்ணில் அது பட்டது.

ஜூன் 17, திங்கள்

அக்காவுக்கு மனம் ஆறவில்லை. மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதாதா என்று கேட்டார். இந்த யோசனையைப் பலரும் சொல்கிறார்கள். வயிற்றுக்குள் ஒன்றோடொன்று கலந்து உறிஞ்சப்படாமல் போகும் சில மருந்துகளுக்கு இடைவெளி உதவும். வார்ஃபரின் நாட்கணக்கில் உடலில் தங்கிக் கல்லீரலில் வேலை செய்வது. அங்கே மணிக்கணக்கு செல்லாது. இதய மருத்துவரைக் கேட்டு, முழங்காலுக்குத் தசைப் பயிற்சி தொடங்குவதென்று முடிவாயிற்று.

ஜூன் 22, சனி

இனி மருமகளின் காரியம். சயாஜியிடம் போவதற்கு முன் மகளிர் மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கருப்பைக் கட்டியோ சினைப்பை நீர்க்கட்டியோ இருந்தால், கஷாயம் வலியை மட்டும் அடக்கி நோயை வளர விட்டுவிடக் கூடும். ஸ்கேனில் எதுவும் இல்லை. கர்ப்பம் இல்லை என்றும் உறுதி செய்தோம். குழந்தைக்கு முயல்கிற பெண் இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும், ஏனெனில் குசும்பப்பூ, பீச் கொட்டைப் பருப்பு, கஸ்தூரி போன்று இரத்தத்தை இயக்கும் சரக்குகளைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்று சீன மருத்துவ நூல்களே விலக்கி வைத்திருக்கின்றன. பால் கொடுக்கிற தாயும் அதுபோலவே முதலில் சொல்லிவிட வேண்டும்.

சயாஜி எழுதியது நான்கு சரக்குகள் அடங்கிய ஸி வூ டாங் என்ற பழைய யோகத்தை, அதாவது மருந்துக் கலவையை, ஒட்டியது: டாங்குய், வெள்ளைப் பியோனி வேர், சுவான் ஷியோங், பக்குவம் செய்த ரெமானியா கிழங்கு, கூடவே கொஞ்சம் கான் ட்சாவ். கடைசியாகச் சொன்னது நம் அதிமதுரத்தின் தம்பி முறை. இனிப்பாக இருப்பதால் ஏறக்குறைய எல்லாச் சீன யோகங்களிலும் அது சேர்கிறது. ஆனால் அளவு கூடினாலும் பல வாரம் தொடர்ந்தாலும் உடம்பில் நீர் கட்டி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரத்தம் ஊறுவதற்காக ஆ ஜியாவ் சேர்க்கலாமா என்று அவர் கேட்டபோது, அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. எங்கள் வீட்டில் சைவம் என்றதும் உடனே விட்டுவிட்டார். மண்புழு, சிள்வண்டின் உதிர்ந்த கூடு, தேள், மான் கொம்பு எல்லாம் சீன மருந்தில் உண்டு. கார்த்திகை விரதமும் தைப்பூசக் காவடியும் எடுக்கிற வீடுகளில் இதைக் கேட்காமல் விட்டுப் பின்னால் மனம் நொந்து பயனில்லை.

தலைமுடி உதிர்வதற்கும் ஏதாவது வேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டாள். அதற்கென்று கடைகளில் தாராளமாக விற்கும் ஹ ஷோ வூ என்ற கிழங்கு பலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. முடிக்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெரியவர், "கஷாயத்துக்கு இவ்வளவு பாடா? நான் சாப்பிடும் மாத்திரையில் இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது" என்று ஒரு டப்பாவைக் காட்டினார். அதில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, சரக்குப் பட்டியல் இல்லை. மூலிகை மருந்து இரண்டு நாளில் மூட்டு வலியை ஓட்டினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். மூலிகை என்று விற்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில், ஆண்மை மருந்து என்று விற்ற பொருள்களில் சர்க்கரை நோய் மாத்திரையான கிளிபென்கிளமைட் கலந்திருந்ததால், சர்க்கரை நோயே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டோர் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பெரியவரின் முகம் உப்பியிருப்பதை நான் கவனித்தேன். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், டப்பாவோடு மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

மூட்டு வலிக்குச் சாராயத்தில் ஊறவைத்த வேர் ஒன்றும் இங்கே கைமாறுகிறது. அது பெரும்பாலும் நம் வத்சநாபியின் இனம். நம் சித்தர்கள் சுத்தி செய்யாமல் தொடாத அந்த நஞ்சைச் சீனரும் பக்குவம் செய்து, நெடுநேரம் கொதிக்க வைத்த பிறகே உள்ளுக்குக் கொடுப்பார்கள். உதடும் நாக்கும் மரத்துப்போவது அதன் முதல் அடையாளம். அடுத்து வாந்தி, பிறகு இதயத் துடிப்பின் தடுமாற்றம். மரத்துப்போன உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது.

ஜூன் 30, ஞாயிறு

இன்று மருமகளுக்குக் கஷாயம் தொடங்கியது. பொட்டலத்தைப் பிரித்து, எழுதியிருந்த பெயர்களோடு ஒவ்வொரு சரக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இந்த மழைக்காலத்தில் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது அவசியம். அளவுக்கு மீறி வெளுத்து, புளித்த கந்தக நெடி வீசினால் கந்தகப் புகை போட்ட சரக்கு என்று அறிந்து திருப்பிக் கொடுத்துவிடலாம். பியோனி வேர் சற்று மங்கலாகவே இருந்தது, அதுதான் சரி.

மண்சட்டியில், சரக்குக்கு மேல் இரண்டு விரற்கிடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மேலும் அரைமணி நேரம் காய்ச்சினோம். வடித்தபின் அதே சரக்கில் மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இரண்டு வடிப்பையும் கலந்து, காலைக்கும் மாலைக்கும் பிரித்தோம். இரும்பும் அலுமினியமும் உதவாது. மண்சட்டி இல்லாதவர்கள் எனாமல் அல்லது எவர்சில்வர் பாத்திரம் வைக்கலாம். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் ஒரு நாளைக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியை நம்பி வைப்பது கூடாது.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு வாரம் கழிந்து சயாஜியிடம் திரும்பப் போனோம். முதல் மூன்று நாள் வயிறு சற்று இளகியது. அதைச் சொன்னதும் ரெமானியாவின் அளவைக் குறைத்தார். நல்ல மருத்துவர் ஒரே சீட்டை மாதக்கணக்கில் ஓட்ட மாட்டார். எத்தனை மாதவிலக்குச் சுழற்சி வரை பார்ப்பது என்று கேட்டபோது மூன்று என்றார். அதற்குள் பலனில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றும் அவரே சொன்னார். முற்றிலும் குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

எழுதியிருந்த பட்டியலை மகளிர் மருத்துவரிடமும் காட்டினோம். அவர் கல்லீரல், சிறுநீரகச் சோதனைக்கு இந்த வாரமே இரத்தம் எடுத்துக்கொண்டார்; மருந்து தொடரும் பட்சத்தில் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சிறுநீர் தேநீர் நிறமாவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் தோல் அரிப்பது, உணவு வெறுப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் கஷாயத்தை அன்றே நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ நேர்ந்தால், டாங்குய் இருப்பதால், குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இந்த வரிகளை மருமகள் பர்மிய மொழியில் எழுதி, கஷாயச் சட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த குறிப்பை இரண்டாவது இரத்தச் சோதனையின் முடிவு வந்த பிறகு எழுதுவேன்.