தொளதொளத்த வெள்ளைக் கோட்டு

முதல் ஆளாகப் பெயர் அழைக்கப்பட்டதும், தோள் இறங்கித் தொளதொளத்த வெள்ளைக் கோட்டுடன் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் மேடையேறுகிறார்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் 2003 வீரர் தேர்வின் பழைய காணொளி இன்று மதியம் கண்ணில் பட்டது. பள்ளியை அப்போதுதான் முடித்திருந்த அவருக்கு வயது 18.

கெவின் கார்னெட் 1995இலும் கோபி பிரயன்ட் 1996இலும் கல்லூரிப் பக்கமே போகாமல் சாதித்தது ஊரறிந்த கதை.

ஆனால், 1998இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி பள்ளியிலிருந்து நேராக எடுத்துக்கொண்ட கோர்லியோன் யங்கின் என்.பி.ஏ. வாழ்க்கை, மொத்தம் 3 ஆட்டங்களோடு முடிந்துபோனது.

என்.பி.ஏ. தேர்வுக்கு வர 19 வயதும், பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2005 ஒப்பந்தத்தில் வந்தது. பையன்களின் நலனுக்காக என்றார்கள். எனக்கென்னவோ, கோடிகளைக் கொட்டும் அணிகளுக்கே அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. கல்லூரியில் ஓராண்டு ஆடவிட்டு, ஆள் தேறுவாரா என்று பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? (டென்னிஸ் ஆடும் பதினேழு வயதுக்காரரை யாரும் கல்லூரிக்குப் போகச் சொல்வதில்லை.)

அந்த ஓராண்டில் பல்கலைக்கழகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வருமானம் ஈட்டித் தந்த அந்தப் பையன்களுக்கு, தம் பெயரை விளம்பரத்துக்கு விற்கும் உரிமைகூட 2021 வரை கிடைக்கவில்லை.